சிங்கப்பூர் – சென்னை: தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



"மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, டர்பைன் பற்றி எழுதலாமா, வெல்டிங் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதெல்லாம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் பாடத்தில் படித்தும், மார்க் வாங்கியும், வாழ்க்கையில் நான் கோட்டை விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. அதை எழுதுவதுதான் நியாயம் என்று பட்டது.

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரில் இருப்பார்கள். என் அப்பா அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். தாத்தாவும் அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போனவர்தான். அவர் போனது நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில். பினாங்கு, கிள்ளான் துறைமுகம் என்று நின்று நின்று போய்ச் சேர ஒரு வாரம் ஆகுமாம். அந்தக் கப்பல் 1973-ல் ஓய்வு பெற்றுவிட்டது. "உங்க தாத்தா வர்றாகன்னா நான் நாள் எண்ணுவேன். உங்க அப்பன் வர்றான்னா மணி எண்ணுறேன்" என்று அப்பாயி சொல்லும்.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் அப்பாயி இறந்துபோனது. அப்பாவுக்குத் தகவல் சொன்னோம். வழக்கமாக அவர் திருச்சி விமானத்தில்தான் வருவார். அன்றைக்குத் திருச்சிக்கு இடம் கிடைக்கவில்லை. மத்தியானம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "மெட்ராஸுக்குத்தான் டிக்கெட் கிடைச்சிது. ராத்திரி எட்டேகால் ஃப்ளைட்டு. வண்டி அனுப்பிடுங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் போன் கிடைக்கவில்லை.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "டேய், நீதானே டிப்ளமா படிக்கிற. உங்கப்பன் எத்தனை மணிக்கு எறங்குவான்? கணக்குப் போட்டுச் சொல்லு. வண்டிக்காரருக்குச் சொல்லணும்."

சிங்கப்பூர் நாலு மணி நேரப் பயணம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எட்டேகாலோடு நாலைக் கூட்டினேன். பன்னிரண்டேகால். பாஸ்போர்ட் பார்த்து, பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி நேரம். "ராத்திரி ஒரு மணிக்கு வண்டி ஏர்போர்ட்ல நின்னா போதும் பெரியப்பா" என்றேன். கூட்டல் சரி. விடை தப்பு.

அப்பா வந்த விமானம் இறங்கியது நம்ம ஊர் மணிக்கு இரவு 9.45. அவர் 10.30-க்கே வெளியே வந்துவிட்டார். கையில் இருந்தது சிங்கப்பூர் சிம். இங்கே வேலை செய்யவில்லை. யாரிடமோ போன் வாங்கி அம்மாவுக்கு அடித்திருக்கிறார். துக்க வீட்டில் யார் எடுப்பார்கள்? ஒரு மணிக்கு வண்டி போய் நிற்கும்வரை இரண்டரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறார். ஆறரை மணி நேர ரோடு. வீடு வந்து சேரும்போது காலை 7.30. ஒன்பது மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். தன் அம்மா பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தது ஒன்றரை மணி நேரம். நான் சரியாகச் சொல்லியிருந்தால் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. எங்கே தப்பு என்றே யாருக்கும் தெரியாது. அதனால்தான் நானே உட்கார்ந்து இந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். இதில் மூன்று பகுதி உண்டு: தூரம், பறக்கும் நேரம், கடிகாரம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தூரம்

தூரம் என்றால் ஊருக்கு ஊர் அல்ல, ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட். இங்கே மீனம்பாக்கம், அங்கே சாங்கி. பூமி உருண்டை என்பதால் அதன் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி ஒரு வளைவு. ஒரு கால்பந்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ அதுதான் அந்த வழி. இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

முதல் வருஷக் கணக்கில் நாம் படித்த சைன், காஸ் போதும். வேண்டியவை இவைதான்:

மீனம்பாக்கம்: வடக்கு 13.0 டிகிரி, கிழக்கு 80.2 டிகிரி.
சாங்கி: வடக்கு 1.4 டிகிரி, கிழக்கு 104.0 டிகிரி.
தீர்க்கரேகை வித்தியாசம்: 23.8 டிகிரி.

சூத்திரம் இது. இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்கு. இரண்டின் காஸையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் சேர்த்துப் பெருக்கு. இரண்டையும் கூட்டினால் வருவது, பூமியின் மையத்தில் இந்த இரண்டு ஊர்களும் உண்டாக்கும் கோணத்தின் காஸ்.

0.2250 × 0.0244 = 0.0055
0.9744 × 0.9997 × 0.9150 = 0.8913
கூட்டல் = 0.8968

கால்குலேட்டரில் காஸ் இன்வர்ஸ் போட்டால் 26.26 டிகிரி. பூமியின் ஆரம் 6371 கி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. ஆக, தூரம் 2920 கி.மீ.

கடல் மைல் என்ற அளவும் இதிலிருந்தே வந்ததுதான். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு நிமிடக் கோணம், ஏறக்குறைய ஒரு கடல் மைல். இப்போது அது 1.852 கி.மீ. என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. 26.26-ஐ 60-ஆல் பெருக்கினால் சுமார் 1576 கடல் மைல். விமானிகள் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, பித்தாகரஸ் போட்டா ஆகாதா?" என்று ஒரு நண்பன் கேட்டான். போட்டுப் பார்த்தோம். தெற்கே இறங்குவது 11.6 டிகிரி, அதாவது 1290 கி.மீ. கிழக்கே போவது 23.8 டிகிரி; நடு அட்சரேகையான 7.2-ன் காஸால் பெருக்கினால் 2626 கி.மீ. வர்க்கம் போட்டு, கூட்டி, மூலம் எடுத்தால் 2926 கி.மீ. ஆறு கி.மீ.தான் வித்தியாசம்! ஆனால் இதை நம்பி எல்லா ஊருக்கும் போட்டுவிடாதீர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலும், தூரம் குறைவாகவும் இருப்பதால் இங்கே பிழைத்தது. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குறுக்குவழி கிரீன்லாந்து மேல் போகிறது. அங்கே தட்டைக் கணக்கு எடுபடாது.

நம் பாதை எங்கே போகிறது என்று மேப்பில் பார்த்தால், வங்காள விரிகுடாவைக் கடந்து, கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனைப் பக்கமாக வந்து, சுமத்ராவின் வடகோடியை ஒட்டி, மலாக்கா நீரிணைப் பக்கமாகச் சிங்கப்பூர் சேர்கிறது. விமானம் இந்த நூல் பிடித்த கோட்டிலேயே போகாது. வானத்திலும் வழித்தடங்கள் உண்டு. மேலும் சென்னையின் முதன்மை ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. சாங்கியில் ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்கிறது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் திரும்பித்தான் ஆக வேண்டும். அதனால் பறக்கும் தூரம் 2920-ஐ விடக் கொஞ்சம் கூடும்.

2. பறக்கும் நேரம்

ஜெட் விமானம் உயரத்தில் போகும்போது மணிக்கு சுமார் 850 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். 2920-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். அப்படியானால் நாலு மணி நேரம் என்று ஏன் சொல்கிறார்கள்?

நம் டவுன் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடாமீட்டரில் 60 காட்டும். ஆனால் 60 கி.மீ.யை ஒரு மணி நேரத்தில் கடக்காது. விமானமும் அப்படித்தான். மேலே ஏறவும் கீழே இறங்கவும் தலா இருபது, இருபத்தைந்து நிமிடம் பிடிக்கிறது. அப்போது முழு வேகம் கிடையாது. அதனால் 12 நிமிடம் சேரும். சுற்றிப் போகும் தூரத்துக்கு 6, 7 நிமிடம். நின்ற இடத்திலிருந்து ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, இறங்கியபின் நிற்குமிடத்துக்கு வருவது எல்லாம் சேர்த்து 20 நிமிடம். கூட்டிப் பாருங்கள், 4 மணியைத் தாண்டிவிடும். டிக்கெட்டில் போடும் நேரம் சக்கரம் தரையை விடும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்பது வரை. அந்தந்தப் பாதையின் நெரிசலைப் பார்த்து விமானக் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். அதனால் இந்தப் பாதையில் 4 முதல் 4½ மணி வரை போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்தது காற்று. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 50 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் தரைக்கணக்கில் வேகம் 800. நேரம் 3 மணி 39 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 900. நேரம் 3 மணி 15 நிமிடம். 24 நிமிட வித்தியாசம்! தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று ஓடுகிறது. இதை 1958-ல் உலகுக்கு விளக்கி எழுதியவர் பி. கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி. அதன் மையம் 14, 15 கி.மீ. உயரத்தில் இருந்தாலும், அதன் கீழ்ப்பகுதி விமானங்கள் பறக்கும் உயரத்திலும் வீசும். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து வருவது லேசு, போவது சிரமம்.

இன்னொரு சந்தேகம் நம் வகுப்பிலேயே வந்தது. "பூமிதான் மேற்கிலிருந்து கிழக்கே சுத்துதே. அப்ப மேற்கே வர்ற விமானத்துக்கு ஊரே எதிர்ல வந்துடாதா?" வராது. பூமத்திய ரேகைப் பக்கத்தில் தரை மணிக்கு சுமார் 1670 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது என்பது உண்மை. ஆனால் காற்றும் அதோடு சேர்ந்து சுற்றுகிறது, ஏர்போர்ட்டில் நிற்கும் விமானமும் சேர்ந்தே சுற்றுகிறது. ஓடுகிற ரயிலில் கொய்யாப்பழத்தைத் தூக்கிப் போட்டால் அது நம் கைக்கே வருகிறது, பின்பெட்டிக்குப் போவதில்லை. அதே கதைதான்.

ஆக, தூரமும் சரி, நாலு மணியும் சரி. நான் தவறியது மூன்றாவதில்.

3. கடிகாரம்

பூமி 24 மணியில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 23.8 டிகிரி. 23.8-ஐ 4-ஆல் பெருக்கினால் 95 நிமிடம். அதாவது சிங்கப்பூரில் உச்சி வெயில் அடித்து 95 நிமிடம் கழித்துத்தான் நமக்கு உச்சி வெயில்.

ஆனால் இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் வித்தியாசம் 95 நிமிடம் அல்ல, 150 நிமிடம். மீதி 55 நிமிடம் எங்கிருந்து வந்தது?

சூரியக் கணக்கில் சென்னை, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருக்கிறது. ஆனால் 1906-லிருந்து இந்திய நேரம் 82½ டிகிரியை வைத்து 5 மணி 30 நிமிடம் என்று வகுக்கப்பட்டது. ஆக நம் கடிகாரம் சூரியனை விட 9 நிமிடம் முந்தி ஓடுகிறது. சிங்கப்பூர் சூரியக் கணக்கில் 6 மணி 56 நிமிடம். முன்பு அங்கே ஏழரை மணி என்று வைத்திருந்தார்கள். மலேசியா தன் தீபகற்பப் பகுதிக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் கொண்டுவந்தபோது, சிங்கப்பூரும் கூடவே 1982 ஜனவரி 1-ம் தேதி முதல் எட்டு மணிக்கு மாறிவிட்டது. ஆக அவர்கள் கடிகாரம் சூரியனை விட 64 நிமிடம் முந்துகிறது. 64-ல் 9 போனால் 55. 95-ம் 55-ம் கூட்டினால் 150. கணக்கு முடிந்தது. 95 நிமிடம் இயற்கை வைத்தது, 55 நிமிடம் மனிதன் வைத்தது! "அங்க ஏழு மணிக்குத்தான் விடியும்" என்று அப்பா சொல்வதற்கும் இதுதான் காரணம்.

இப்போது அந்த ராத்திரிக் கணக்கைத் திரும்பப் போடுகிறேன்.

புறப்பாடு, சிங்கப்பூர் மணி: இரவு 8.15
பயணம்: 4.00
இறங்கும்போது சிங்கப்பூர் மணி: 12.15
கழிக்க: 2.30
நம்ம ஊர் மணி: இரவு 9.45

இந்தக் கடைசிக் கழித்தலைத்தான் நான் விட்டேன். நான் சொன்ன பன்னிரண்டேகால் சரியான நேரம்தான். ஆனால் அது சிங்கப்பூர்க் கடிகாரத்தில்.

4. டிக்கெட்டைப் படிப்பது எப்படி?

நம்மில் பல பேர் நாளைக்கு வேலைக்கென்று வெளிநாடு போகப் போகிறோம். போகாவிட்டாலும் வீட்டில் யாரையாவது அழைத்துவரப் போவோம். அதனால் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரம். சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரம். இரண்டையும் நேராகக் கழிக்காதீர்கள். இரவு 8.15-க்குக் கிளம்பி 9.45-க்கு வருகிறது என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி அங்கே காலை 6.10-க்குச் சேரும் என்று இருந்தால் ஏழு மணி நேரம் போலத் தெரியும். உண்மையில் முதலாவது 4 மணி, இரண்டாவது 4 மணி 25 நிமிடம்.

இரண்டு: கிழக்கே போனால் கூட்டு, மேற்கே வந்தால் கழி. சிங்கப்பூருக்கு 2.30.

மூன்று: சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறியும் 1-ம் இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். 15-ம் தேதி 00.30 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

நான்கு: "எத்தனை மணி ஃப்ளைட்டு?" என்று கேட்காதீர்கள். "நம்ம ஊர் மணிக்கு எத்தனை மணிக்கு எறங்குவீங்க?" என்று கேளுங்கள். சொல்கிறவரும் விமான எண்ணைச் சேர்த்துச் சொன்னால் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு இந்த ஒரு கேள்வியை ஒரு மெசேஜாகத் தட்டிவிட்டிருந்தால்கூட, விமானம் ஏறுமுன் அப்பா பார்த்திருப்பார்.

நண்பர்களே, பரீட்சையில் அலகு போடாமல் விட்டால் நம் சார் அரை மார்க் குறைப்பார். "விடை சரிதானே சார்?" என்று நாம் சண்டை போடுவோம். மீட்டரா, அடியா என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை என்பார் அவர். எந்த ஊர் மணி என்று சொல்லாத மணியும் அப்படித்தான் என்பதை நான் அந்த ராத்திரியில் தெரிந்துகொண்டேன். அரை மார்க் போயிருந்தால் பரவாயில்லை. போனது இரண்டரை மணி நேரம். அதுவும் என்னுடையது அல்ல, அப்பாவுடையது.

அப்பா காரியம் முடிந்து திரும்பிப் போகும்போது, "வண்டி வழியில எங்கயோ மாட்டிக்கிச்சு போலருக்கு, அன்னிக்கு ரொம்ப லேட்டு" என்று மட்டும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பப் போகிறேன். தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் அளந்து அளந்து வெல்டிங் வைத்தவர். கணக்கைப் பார்த்தால் அவருக்கே புரியும்.

வரும் பொங்கலுக்கு அவர் லீவில் வருகிறார். இந்தத் தடவை திருச்சிக்கே டிக்கெட். இறங்கும் நேரத்தை அவரிடம் இரண்டு முறை கேட்டு, 'நம்ம ஊர் மணி' என்று அடிக்கோடு போட்டுச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பேன்.